கயிற்றில் கை வைத்தவர்கள்

அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் கரைவலை இழுக்கும் பெண்கள் சிலர் இருந்தார்கள். எல்லோருமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். அவர்களில் சொர்ணம் நல்ல உயரம். வெயிலில் கறுத்த நீளமான கைகள். கயிற்றின் வால்பக்கம் கடைசி ஆளாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்தால் முன்னால் இழுக்கும் ஆம்பிளைகளே திரும்பிப் பார்ப்பார்கள்.

மற்ற குப்பங்களில் பெண்களைக் கரைவலைக் கயிற்றின் பக்கமே விடமாட்டார்கள். இங்கேயும் விட்டதில்லைதான். ஒரு கார்த்திகை மாதத்துக் காற்றில் கட்டுமரங்கள் சில திரும்பி வரவில்லை. சொர்ணத்தின் புருஷன் கன்னியப்பனும் அதில் போனான். மகள் சீதா அப்போது கைக்குழந்தை. அந்தச் சமயம் கரைவலைக்குச் சொந்தக்காரராக இருந்தவர் கன்னியப்பனின் சித்தப்பா. துக்கம் கேட்க வந்தவர் அதிகம் பேசவில்லை. "நாளையிலேந்து வந்து கயித்தப் புடிங்க. இழுக்கற கைக்குப் பங்கு உண்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலையைப் படகில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாக விட்டுவிட்டு வருவார்கள். அதன் இரண்டு முனைக் கயிறுகளும் கரையில் இருக்கும். இரண்டு வரிசையாக நின்று இழுத்தால், நெடுநேரம் கழித்து மீன் நிறைந்த மடி, வலையின் அடிப்பை, கரைக்கு வந்து சேரும். வந்ததில் பாதி வலைக்காரருக்கு. மீதிப் பாதி, கயிறு பிடித்த கைகளுக்குச் சமமாக. நல்ல இழுப்பு, சோர்ந்த இழுப்பு என்ற பேதம் இல்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. கயிற்றைத் தொட்ட கையை வெறுங்கையாக அனுப்பக் கூடாது. அனுப்பினால் கடல் கையை மூடிக்கொள்ளும் என்று நம்பினார்கள். பசித்து வந்து நிற்பவன் யாராக இருந்தாலும், கொஞ்சம் இழுத்துக் கொடுத்துவிட்டு நாலு மீனோடு போகட்டும் என்பதற்காக எந்தக் காலத்திலோ யாரோ வைத்த ஏற்பாடு அது.

தன் பங்கைக் கூடையில் போட்டுக்கொண்டு சொர்ணம் அடையாறு தெருக்களில் விற்றுவிட்டு வருவாள். ஏலத்தில் மீன் எடுக்கக் கையில் முதல் வேண்டும். அவளுக்கு முதல் என்று இருந்தது அந்தப் பங்குதான். யாரிடமும் போய் நிற்காமல், தன் கையால் இழுத்து வந்த மீன் என்று சொல்லி விற்பதில் அவளுக்கு ஒரு மிதப்பும் இருந்தது. "செத்த மீனுக்கு இவ்ளோ பேச்சா?" என்று யாராவது வீட்டம்மா கேட்டால், "அது சாவும்போது நான் கூட இருந்தேம்மா, காத்தால ஆறு மணிக்கு," என்பாள்.

பெரியவர் போன பிறகு வலை அவர் மகன் வைரவனிடம் வந்தது. வைரவனுக்குச் சொர்ணம் அண்ணி முறை. சின்ன வயதில் அவள் கையால் சோறு தின்றவன். பங்கு போடும்போது அவள் கூடையில் ஒரு கை கூடவே விழுந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பெசன்ட் நகரில் ஹவுசிங் போர்டு வீடுகள் எழும்பத் தொடங்கிய சமயத்தில்தான் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தாள். அடையாற்றில் ஆலமரம் இருக்கும் தோட்டத்துக்குள் தங்கியிருந்தவள். பெரிய வைக்கோல் தொப்பி. தினமும் காலையில் மணலில் நடந்து வந்து வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் சொர்ணத்துக்கு என்ன தோன்றியதோ, கயிற்றை விடாமலே அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இன்னாத்துக்கு தெனம் பாத்துகினே நிக்கற? வா, வந்து புடி."

"தொரசானி கை பொத்துப்பூடும்மே," என்றாள் முன்னால் நின்ற பங்கஜம். அவளும் விதவைதான், சொர்ணத்தைவிட மூத்தவள்.

"பொத்தா இன்னா? நம்ப கையி மட்டும் இரும்பாலயா பண்ணிக்கீது?"

அந்த அம்மாளுக்குப் பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. ஓடி வந்து பிடித்தாள். மடி கரையேறும்வரை விடவில்லை. உள்ளங்கை சிவந்துபோய், முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். பங்கு பிரிக்கும்போது வைரவன் தயங்கினான்.

"இன்னா ரோசன பண்ற? தொட்ட கை அது," என்றாள் சொர்ணம்.

வைரவன் இரண்டு கை நெத்திலியை அள்ளி அவள் தொப்பிக்குள் போட்டான். அவள் தொப்பியையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தாள். கரையே சிரித்தது. அன்று முழுக்கக் குப்பத்தில் அதுதான் பேச்சு.

அடுத்த வாரம் அவள் நாலு பேரைக் கூட்டி வந்தாள். அவர்களோடு ஒரு தமிழ்ப் பையனும் வந்தான். பெயர் ஜவஹர். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் துணி தேய்த்துக் கொடுக்கும் குடும்பத்தில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவன். வேலை தேடி அலைந்து, கடைசியில் மவுண்ட் ரோட்டில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் வழிகாட்டியாகச் சேர்ந்திருந்தான். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு அவனும் கயிறு பிடித்தான். தன் பங்கு மீனை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டான்.

"யாரு என்னன்னு ஒருத்தருமே கேக்கலியே அக்கா," என்றான் சொர்ணத்திடம்.

"மீனு கேக்குதா, நாங்க கேக்கறதுக்கு?"

அவன் இதைப் பஸ்ஸில் சொன்னான். மயிலாப்பூர்க் கோயில், சாந்தோம் சர்ச், அடையாறு ஆலமரம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றும் பஸ்ஸில், கடைசி நிறுத்தமாக இந்தக் கடற்கரை சேர்ந்தது. உலகத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது, கை வைத்த எவருக்கும் பங்கு கொடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவன் மனசார நம்பித்தான் சொன்னான். கேட்டவர்கள் இறங்கி வந்து கை வைத்தார்கள்.

முதலில் ஒரு பஸ். பிறகு இரண்டு. பிறகு பஸ் இல்லாமலே காரிலும் ஸ்கூட்டரிலும் வந்தார்கள். பெசன்ட் நகருக்கு டவுன் பஸ் அடிக்கடி ஓட ஆரம்பித்ததும் கிழமைக் கணக்கும் போய்விட்டது. வலை போகும்போது யாரும் இருக்க மாட்டார்கள். தண்ணீரில் மடியின் கறுப்பு தெரிந்ததும் ஓடி வருவார்கள். ஒருவர் இழுப்பார், ஒருவர் போட்டோ எடுப்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். குழந்தையின் கையை எடுத்துக் கயிற்றின்மேல் வைப்பார்கள். எல்லாம் கைதான். எல்லாக் கைக்கும் பங்குதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தி. நகர் ஜவுளிக்கடைக் குடும்பம் ஒன்று வந்தது. பட்டுப் புடவையும் நகையுமாக இருந்த அம்மாள் உற்சாகமாகக் கயிறு பிடித்தாள். வைரவன் மீனை நீட்டியதும், "அய்யய்யோ, நாங்க இதெல்லாம் தொடமாட்டோம். சும்மா வெளாட்டுக்குத்தான் இழுத்தேன்," என்று பின்வாங்கினாள். வழக்கப்படி கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. அவள் காலடியில் மணலில் போட்டுவிட்டு அவன் அடுத்த கைக்குப் போனான். காக்கைகள் இறங்கின. பங்கஜம் குனிந்து அந்த மீன்களைப் பொறுக்கி முந்தியில் கட்டிக்கொண்டாள்.

"வெக்கமால்ல உனுக்கு?" என்றாள் சொர்ணம்.

"வெக்கத்த வறுத்துத் துன்ன முடியாது. உன் பங்கப் பாரு மொதல்ல."

சொர்ணம் தன் கூடையைப் பார்த்தாள். ஒரு கைப்பிடி காரப்பொடி மீன். அதை அடையாறுவரை தூக்கிக்கொண்டு போய் விற்பதைவிட வீட்டில் குழம்பு வைப்பது மேல். அன்று குழம்பு வைத்தாள். மறுநாளும் குழம்புதான். அரிசி கடன் வாங்கினாள்.

மணலும் பழைய மணலாக இல்லை. சாப்பிட்டுப் போட்ட இலைகளை நாய்கள் இழுத்தன. உடைந்த சோடா பாட்டில் சில்லு வலையை இரண்டு இடங்களில் கிழித்தது. கிழிந்ததைத் தைக்கிற நாளில் வலை போகாது. வைரவன் வாயில் வந்தபடி திட்டினான். ஆனால் யாரையும் போ என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. கயிற்றைத் தொட வந்தவனை விரட்டி, அடுத்த நாள் மடி காலியாக வந்தால் ஊர் அவனைத்தானே கேட்கும்?

சொர்ணம் ஜவஹரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உன்னாலதான் இந்தப் பேஜாரு. நீயே ஒரு வழி சொல்லு."

ஜவஹர் கோபித்துக்கொள்ளவில்லை. அவனுக்கே கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. "தப்புதான் அக்கா. ஆனா வராதீங்கன்னு சொல்றதவிட, வர்றதுக்கு ஒரு வரைமுறை வைக்கலாம்," என்றான். "காட்டுல மிருகம் பாக்கப் போறவங்களுக்கு இத்தனை பேர்தான், இந்த நேரந்தான்னு வெச்சிருக்காங்க. அதுமாதிரி வாரத்துல ஒரு நாள், ஒரு வலை. எங்காளுங்க இத்தனை கைதான். ஊருக்குக் கம்பெனி ஒரு தொகை குடுக்கட்டும். மத்த நாள் உங்க கடல், உங்க கயிறு."

"நடக்குமா?"

"நான் முதலாளிகிட்டப் பேசறேன். ஊர்ல நீங்க பேசுங்க."

அம்மன் கோயில் எதிரே, கீற்றுக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. பெண்கள் அங்கே பேசுவதில்லை. ஓரமாக நின்று கேட்பதோடு சரி. ஜவஹர் வந்து ஓலைப்பாயின் நுனியில் உட்கார்ந்திருந்தான். நாட்டார் என்று அழைக்கப்படும் ஊர்த் தலைவர் பேச்சை எடுக்கும் முன்பே சொர்ணம் ஓரத்திலிருந்து ஓர் அடி முன்னே வந்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லிக்கறேன். கயித்துக்கு ஒரு கணக்கு வேணும். வர்றவன்லாம் கை வெச்சா வலை இழுக்கறவன் வயித்துக்கு இன்னா கீது? இத்தினி கைதான்னு ஊரு ஒரு கட்டு போடட்டும்."

கொட்டகை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பிறகு ஒரு கிழவர், "பொம்பள சொல்றா, ஆனா சரியாத்தான் சொல்றா," என்றார். சிரிப்பு எழுந்தது. நாட்டார் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஒரு வலை மட்டும். வெளியாட்கள் தங்களுக்கென்று விட்ட இடத்தில்தான் நிற்க வேண்டும். கண்ணாடி பாட்டில் மணலுக்கு வரக் கூடாது. கம்பெனி கொடுப்பது ஊர்ப் பொதுப்பணத்தில் சேரும். ஜவஹர் ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னான். சொர்ணம் பங்கஜத்தின் தோளை இடித்தாள். தன் பேச்சு இத்தனை ஆம்பிளைகள் நடுவே நின்றதை அவளால் நம்ப முடியவில்லை.

அப்போதுதான் படகுக்காரர் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அவங்களுக்குக் கணக்கு வெச்சாச்சு. நம்ப பக்கம்? ஒரு வலைக்கு எத்தினி கை வேணுமோ அத்தினிதான வெக்கணும்? கட்டுன்னா எல்லாருக்கும் கட்டுதான்."

அது நியாயமாகவே பட்டது. படகு உள்ளவர்கள், படகில் போகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார்கள். இடம் நிரம்பியது. எண்ணியவர்கள் ஓரத்தில் நின்ற பெண்களிடம் வரவே இல்லை.

"நாங்க?" என்றாள் சொர்ணம்.

நாட்டார் மெதுவாகத்தான் சொன்னார். "உங்கள வுட்டுற மாட்டோம்மா. பொதுப்பணம் வருதில்ல? மாசா மாசம் அரிசி குடுத்துர்லாம். இந்த வெயில்ல இன்னாத்துக்குக் கயித்தப் புடிச்சுகினு?"

"அரிசி யாரு கேட்டா? நான் கைக்குத்தான கணக்கு கேட்டேன்."

"அதத்தான் வெச்சிக்கிறோம்."

ஜவஹர் எழுந்தான். "ஐயா, அக்காங்களையும் சேத்துக்கலாமே. எங்க பக்கம் ஆளக் கொறைச்சுக்கறோம்..."

"நீ பஸ்ஸப் பாரு நைனா. கயித்த நாங்க பாத்துக்கறோம்."

வைரவன் என்ன சொல்லப்போகிறான் என்று சொர்ணம் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலால் மணலைக் கீறிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

மாதம் பிறந்ததும் பங்கஜம் போய் அரிசி வாங்கி வந்தாள். மற்றவர்களும் வாங்கினார்கள். சொர்ணம் போகவில்லை. "வீம்பு வயித்த ரொப்பாது," என்று பங்கஜம் திட்டினாள். பங்கு வேறு, படி அரிசி வேறு என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று சொர்ணத்துக்குத் தெரியவில்லை. இழுத்து வாங்கியதை எவன் முன்னாலும் நிமிர்ந்து நின்று வாங்கலாம். இது அப்படி இல்லை. இதைத் தவிர அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெசன்ட் நகரில் குடிவந்த வீடுகளில் இரண்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். ஒரு வீட்டம்மா மீன்காரியிடம் பேரம் பேசும்போது இவளைக் கூப்பிட்டுச் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்வாள். பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் சாம்பலைக் கையில் எடுப்பாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சீதாவுக்கு அந்த வருஷம் புதுப் பாவாடையே கிடைத்தது. "இப்பதாம்மா நல்லாக்கீது. காத்தால நீ ஈரமா வந்து என்ன எழுப்பறதில்ல," என்றாள் அவள்.

ஊரில் எல்லோரும் புது ஏற்பாடு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நன்றாகத்தான் இருந்தது. மணல் சுத்தமானது. வலை கிழியவில்லை. கோயிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பெரிய அதிகாரி யாரோ வந்து பார்த்துவிட்டு மற்ற கடற்கரைகளிலும் இப்படிச் செய்யலாம் என்று பாராட்டிவிட்டுப் போனதாக ஜவஹர் சொன்னான். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்து மணல் வழியே வந்தாள். வலை பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தது. வெளியாட்கள் வரிசையிலிருந்து ஜவஹர் ஓடிவந்தான்.

"அக்கா, இன்னிக்கு எங்க பக்கம் ரெண்டு பேர் வரல. இடம் இருக்கு. வாங்க, வந்து பிடிங்க. கணக்குக்குள்ளதான், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

ஏதோ பெரிய வழி கண்டுபிடித்துவிட்டவனைப் போல அவன் முகம் இருந்தது. சொர்ணம் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தாள். கை போய்விட்டது.

ஈரக் கயிறு உள்ளங்கையில் உரசியதும் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாய்ந்தது. பக்கத்தில் இழுத்த, முழுக்கைச் சட்டை போட்டவர் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"இந்தம்மா பிரமாதமா இழுக்கறாங்களே! எந்த ஊரும்மா நீங்க?"

"இந்த ஊருதான்."

அவர் அதை நல்ல வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

எதிர் வரிசையில் குப்பத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மடி கரையேறியது. நல்ல மீன். வைரவன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியாட்கள் வரிசையில் ஒவ்வொரு கையாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். அவள் முன்னால் வந்ததும் நின்றான். கூடைக்குள் இருந்த அவன் கை வெளியே வரவில்லை. ஊர்க்காரி என்றால் அவள் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவள். வெளியாள் என்றால் கொடுத்தாக வேண்டும். பின்னால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தாங்கம்மா, வாங்கிக்குங்க," என்றான்.

அவள் இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். அவன் அடுத்த ஆளுக்கு நகர்ந்தான். அண்ணி என்று அழைத்த வாய். பசிக்குதண்ணி என்று அவள் அடுப்படியில் வந்து நின்ற வாய். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தாள். சீதா நன்றாகச் சாப்பிட்டாள். சொர்ணம் தன் தட்டில் குழம்பை ஊற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் மணல் வழியே வருவதை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஜவஹர் ஒருமுறை வீடு தேடி வந்து வாசலில் நெடுநேரம் நின்றான். "நான் நல்லதுன்னு நெனச்சு..." என்று தொடங்கினான். "தெரியும் தம்பி. குந்து, டீத்தண்ணி வெக்கறேன்," என்றாள். அவன் உட்காரவில்லை.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு கம்பெனி தன் பஸ்ஸை மாமல்லபுரம் பக்கம் திருப்பிவிட்டது. அங்கே பார்க்க நிறைய இருந்தது. ஜவஹர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பொதுப்பணம் நின்றது, அரிசியும் நின்றது. வெளியாட்கள் நின்ற இடம் காலியாகக் கிடந்தது.

இனிமேல் கூப்பிடுவார்கள் என்று பங்கஜம் சொன்னாள். சொர்ணம் அப்படி நினைக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் காலையில் தலை முடிந்துகொண்டு, வேலைக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் வாசலில் நிற்பாள். கட்டு போட்ட ஊர் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் மீசை முளைத்த பையன்கள் பெண்கள் கயிறு பிடித்த ஊர் இது என்றால் சிரித்தார்கள்.

ஓர் ஆடி மாதக் காலை. நீரோட்டம் வலையைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. ஆள் குறைவு. சிலர் துறைமுகத்தில் கூலிக்குப் போயிருந்தார்கள். இழுத்தவர்கள் கால் வழுக்கி மணலில் விழுந்து விழுந்து எழுந்தார்கள். வைரவன் கயிற்றைப் பிடித்தபடியே ஆள் தேடிக் குடிசைப் பக்கம் திரும்பினான். சொர்ணம் வாசலில் நின்றிருந்தாள். அவன் கண் அவள்மேல் வந்து நின்றது. அவள் படியைவிட்டு இறங்கினாள். ஒரு வார்த்தை போதும். கையை அசைத்தால்கூடப் போதும்.

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இழுங்கடா, இன்னாடா பொணமாட்டம் நிக்கறீங்க!" என்று கத்தியது காற்றில் வந்தது.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நேரமானால் பெசன்ட் நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். கதவைச் சாத்திச் சங்கிலியை மாட்டிவிட்டு ரோட்டுப் பக்கமாக நடந்தாள்.